ஆலை திவால் - டைரக்டர் மட்டும் தப்புவதா?

தோழர்களே! ஆலை மூழ்கப்போவது முதலில் யாருக்குத் தெரியும்? கணக்கு வைத்திருக்கும் டைரக்டர்களுக்கு! தெரிந்தும் கடன்மேல் கடன் வாங்குகிறார்கள், கூலியை நிறுத்திவைக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 66ஆவது பிரிவு சொல்வதென்ன? மீள வழியில்லை என்று தெரிந்தபின், கடன்காரர்களுக்கு நேரும் நஷ்டத்தைக் குறைக்க டைரக்டர்கள் பாடுபட வேண்டும். தவறினால் சொந்தப் பணத்தைக் கட்டும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

கூலி பாக்கிக்காரனான தொழிலாளிக்கும் ஆலை கடன்பட்டிருக்கிறது! ஆகவே சங்கமே ஆலைமீது திவால் மனு போடலாம் என்ற உரிமையை, கான்பூர் சணல் ஆலைச் சங்கம் 2019ல் சுப்ரீம் கோர்ட்டில் வென்றெடுத்தது.

ஆனால் டைரக்டரின் பணப்பெட்டியைத் திறக்கும் 66ஆவது பிரிவு மனுவையோ, திவாலுக்கென நியமிக்கப்படும் அதிகாரிதான் போட முடியும். பட்டினி கிடப்பவன் வாசலில் நிற்பதா? அந்த உரிமையும் சங்கத்துக்கு வேண்டும்! ஒன்றுபட்டுக் கேட்போம்!