கெடாத சோறும் கெடவைத்த சோறும்

போர்வீரனுக்கென ஆக்கப்பட்ட உணவுப்பொட்டலம் இன்று பொழுதுபோக்குப் பொருளாகிவிட்டது. காட்டில் கூடாரமடித்துத் தங்கும் இளைஞர் அதனை விரும்பி வாங்குகின்றனர். வெள்ளத்துக்கும் ஊரடங்குக்கும் அஞ்சுவோர் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கின்றனர். உறையைக் கிழித்தால் உணவு. உடன்வரும் பையில் சிறிது நீரை ஊற்றினால் சூடு. ஆண்டுகள் சில கழிந்தாலும் கெடாது. இதனினும் அறிவார்ந்த ஏற்பாடு வேறு உண்டோ என அவர்கள் வினவுகின்றனர். பொட்டலத்தைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயின், நெருக்கடிக்கு ஆயத்தமாதல் என்பது கடையில் ஒரு பெட்டி வாங்குவதோடு முடிந்துவிடும் என்னும் எண்ணம் பிழையானது. பேராக் மண்ணில் நின்றுகொண்டு அவ்வாறு எண்ணுவது இருமடங்கு பிழையானது. உணவைக் கெடாமல் காக்கும் கலை படைவீரனுக்குப் பயன்பட்ட அதே காலத்தில், அதே மண்ணில், உழைப்பாளியின் உணவு கெட்டே தீரவேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த வரலாற்றை மறந்தவர்க்கு அவசர உணவைப் பற்றிப் பேசும் தகுதி குறைவு.

உணவைக் காக்கும் கலைக்குப் போரே செவிலித்தாய். நெடுந்தொலைவு செல்லும் படைக்கு உணவளிக்க வழி தேடிய பிரெஞ்சு அரசு, கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து வெந்நீரில் வேகவைத்துக் காக்கும் முறையைக் கண்ட நிக்கோலா அப்பேருக்கு 1810ஆம் ஆண்டில் 12,000 பிராங்கு பரிசளித்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரப்பெட்டிக்கு உரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ஒரு வீரனின் ஒருநாள் உணவு ஒரே பெட்டிக்குள் அடங்கியது. 1961இல் மைசூரில் அமைந்த இந்தியப் பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம், சப்பாத்தியையும் உப்புமாவையும் பனிமலைச் சிப்பாய்க்குக் கெடாத உணவாக்கியது. 1981இல் அமெரிக்கப் படை தகரத்தைக் கைவிட்டு நெகிழிப்பைக்கு மாறியது. அந்தப் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 1,250 கலோரி உண்டு. 27 பாகை செல்சியசு வெப்பத்தில் மூன்றாண்டு தாங்க வேண்டும் என்பது அதற்கு வகுத்த விதி. அதே விதியின் மறுபாதியை வாங்குவோர் படிப்பதில்லை: 38 பாகையில் அது தாங்க வேண்டிய காலம் ஆறே மாதம். தகரக் கூரையின் கீழ் வெந்து கிடக்கும் சேமிப்பறையில் மூன்றாண்டு உறுதி என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, இக்கலையின் மறுபக்கத்தைக் காணலாம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்த பொதுவுடைமைப் படையினருக்கு உணவு ஊரிலிருந்தே சென்றது. ஆதலின் 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரங்களில் பரவிக் கிடந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலோர் சீனர், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அத்தகைய புதுக்கிராமங்களுள் ஒன்றுதான் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் உள்ள குனோங் ராபாட். இன்று குகைக் கோயில்களையும் ஹியோங் பியா ரொட்டியையும் நாடி அங்கே வருவோர், அவ்வூரின் பிறப்புச் சான்று ஓர் உணவுப்போரின் ஏட்டில் இருப்பதை அறியார்.

1951இல் தொடங்கிய அப்போருக்கு ஆட்சியாளர் சூட்டிய பெயரே ‘பட்டினி நடவடிக்கை’ என்பது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலிக்கு வெளியே உணவு கொண்டுசெல்வது குற்றமாயிற்று. வாயிலில் ஆணும் பெண்ணும் சோதிக்கப்பட்டனர். டின் உணவை விற்கும் கடைக்காரர், அதனை வாங்குபவர் கையில் கொடுக்குமுன் துளையிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. துளையிட்ட டின்னை அன்றே உண்ண வேண்டும், பதுக்க முடியாது, காட்டுக்கு அனுப்ப முடியாது. பின்னர்க் கடுமை முற்றிய இடங்களில் அரிசியைப் பச்சையாக விற்பதும் நின்றது. பொது அடுக்களையில் வடித்த சோறே வழங்கப்பட்டது. இந்த வெப்ப நாட்டில் வடித்த சோறு மறுநாளைக்குள் புளித்துப் போகும் என்பதே அந்த ஏற்பாட்டின் நுட்பம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். காட்டுக்குள் நடந்த பிரித்தானியச் சிப்பாயின் முதுகுப்பையில் இருபத்துநான்கு மணிநேர உணவுப்பெட்டி இருந்தது. அது தீர்ந்தால் வானூர்தி வந்து மேலும் போட்டது. அவன் கடந்துசென்ற ஊரில் வாழ்ந்த தாயின் கையில் துளையிட்ட டின் இருந்தது. ஒருவனுக்குக் காற்றுப் புகாத தகரம். மற்றவர்க்குக் காற்றுப் புகுத்திய தகரம். அறிவியல் ஒன்றே, அதனை ஆண்ட கைதான் வேறு. உணவு எத்தனை நாள் கெடாதிருக்கும் என்பதை அறிவியல் சொல்லும். யாருடைய உணவு கெடாதிருக்கலாம் என்பதை அதிகாரமே சொல்லும்.

அந்த அதிகாரம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கும் பேராக் மாநிலமே சான்று. 1952 மார்ச் மாத இறுதியில் தஞ்சோங் மாலிமுக்கு அருகே, குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழு தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். உயர் ஆணையர் ஜெரால்டு டெம்பிளர் நேரில் வந்தார். நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார். ஊர் முழுமைக்கும் அரிசிப் பங்கைக் குறைத்தார். குற்றம் செய்தவர் காட்டில் இருந்தனர். தண்டனை அடுப்பங்கரைக்கு வந்தது. பாலுக்கு அழுத குழந்தை எந்தக் குழாயை உடைத்தது?

‘இது சீனர் வரலாறு, தமிழருக்கு இதில் என்ன?’ என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி அறியாமையில் பிறந்தது. புதுக்கிராமக் குடியேற்றத்தோடு கூடவே தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த இலட்சக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிக்கப்பட்டனர். தோட்டங்களில் சிதறியிருந்த லயங்கள் நெருக்கி அமைக்கப்பட்டு வேலிக்குள் வந்தன. இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரக் காட்டுக்குள் சென்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டும் தொழிலாளிக்கு உடன்கொண்டு செல்லும் உணவே உயிர். வேலிக்கு வெளியே உணவு செல்லலாகாது என்ற விதி அவனைப் பசியாறாமல் மரம் வெட்டச் செய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சப்பானிய ஆட்சியில், வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த மலாயா மரவள்ளிக்கிழங்கில் உயிர்வாழ்ந்ததையும், சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே தலைமுறை இருமுறை உணவால் ஒடுக்கப்பட்டது விளங்கும். ‘ஒரு பிடி அரிசியைக் கீழே சிந்தாதே’ என்று பாட்டிமார் கடிந்தது கருமித்தனத்தால் அன்று, பட்டறிவால்.

‘பட்டினி நடவடிக்கை போரை வென்று தந்தது; அமைதி அதனால் வந்தது’ என்பது மற்றொரு வாதம். போரின் முடிவு எதனால் வந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். இங்கே எழும் வினா வேறு. ஒரு சமுதாயத்தின் உணவுச் சாவி முழுவதும் அதற்கு வெளியே இருக்குமாயின், அச்சாவியை வைத்திருப்பவர் நல்லவராயினும் தீயவராயினும் அச்சமுதாயம் கையேந்தியே நிற்கும். 1942இல் வங்காளத்தில், பகைவர் கையில் சிக்கலாகாது என்று படகுகளும் நெல்லும் அகற்றப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டனர். 2009இல் முள்ளிவாய்க்காலில் முற்றுகைக்குள் சிக்கிய மக்கள் உப்புக் கஞ்சியால் உயிர்காத்தனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஈழத்தமிழர் அக்கஞ்சியையே நினைவுச் சின்னமாகப் பகிர்ந்து குடிக்கின்றனர். அவர்கள் நினைவில் நிலைத்தது பொட்டலம் அன்று. பலர் கூடிக் காய்ச்சிய கஞ்சி.

பழங்கதை போதும் என்பவர் அண்மைக் காலத்தைப் பார்க்கட்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள் சில நாள்களிலேயே நன்கொடைப் பையை எதிர்பார்த்து நின்றன. 2021இன் நடுவில், உணவில்லாத வீட்டார் வாயிலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கோரிய காட்சியை இந்நாடு முழுதும் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் சூழ்ந்தபோது, மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்க்குப் படகில் உணவு கொண்டுசென்றவருள் அண்டை அயலாரும் தன்னார்வலரும் பலர். எந்தப் படைப்பொட்டலமும் அவர்களுக்கு முந்தி வந்துவிடவில்லை. நன்கொடையாளர் பணி போற்றத்தக்கதே. ஆனால் வெள்ளம் வடிந்து, படம் எடுத்து, செய்தி வெளியிட்டு, அடுத்த வெள்ளம் வரும்வரை அதனை மறந்துவிடும் சங்கங்களின் போக்கு போற்றத்தக்கதன்று. பசி வந்தபின் திரட்டுவது இரக்கம். பசி வருமுன் திரட்டுவதே அறிவு.

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. வழிநடைக்குக் கட்டுச்சோறு கட்டிய மரபு இது. அவல், பொரி, வற்றல், வடகம், கருவாடு, ஊறுகாய், புளிக்காய்ச்சல் ஆகியவை ஆய்வுக்கூடம் இல்லாமலே கெடாமை கண்ட பொருள்கள். குனோங் ராபாட்டின் சீனர், தேங்காய் மட்டை நெருப்பில் சுட்டெடுத்த ஹியோங் பியாவும் அவ்வினத்ததே. மணிமேகலைக் காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றை மாணவர்க்குச் சுட்டிக்காட்டல் வேண்டும். சாத்தனார் அமுதசுரபியை அரசனின் களஞ்சியத்தில் வைக்கவில்லை. வீதியில் நடந்த இளம்பெண்ணின் கையில் வைத்தார். அதில் முதற் பிச்சையிட்டவள் ஆதிரை என்னும் இல்லறத்தாள். அப்பாத்திரம் சென்ற இடத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பும் தனிவீட்டு அடுப்பன்று. தமிழ்மரபில் அவசர உணவு எப்போதும் பொதுப்பொருளாகவே இருந்திருக்கிறது. தனியறையில் பூட்டிய பெட்டி அம்மரபுக்கு அயலானது.

எனவே செய்யத்தக்கது என்ன? ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி தேவை என்பது உலக நிவாரண அமைப்புகள் கொள்ளும் அளவு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 31,500 கலோரி. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ அவல், ஒரு கிலோ சீனி, அரை லிட்டர் எண்ணெய் ஆகியவை அந்த அளவை எட்டும். குடிக்க மட்டும் ஏறத்தாழ 45 லிட்டர் தூய நீர் வேண்டும். இவற்றுக்குப் படைக்கடை தேவையில்லை, மூலைக்கடை போதும். பழையதை எடுத்துச் சமைத்துப் புதியதை அவ்விடத்தில் வைத்தால் எதுவும் கெடாது. அடுப்பு மூட்ட இயலாத முதல் நாளில் பொட்டலம் உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. அவலும் அந்நாளில் உதவும். நனைக்க நீரே போதும். இதனையும் வாங்கி ஒதுக்க இயலாத குடும்பங்கள் உண்டென்பதால்தான் தனிவீட்டுப் பெட்டி தீர்வாகாது என்பது. ஊர்தோறும் கோயிலோ, மண்டபமோ, பள்ளியோ ஒன்று மேட்டுநிலத்தில் பொதுக் களஞ்சியம் வைத்தல் வேண்டும். அதன் சாவி யாரிடம் உள்ளது, பங்கீடு எவ்வாறு என்பவை ஊரார் அனைவரும் அறிந்தவையாக இருத்தல் வேண்டும். இனம் பார்த்துப் பசி வருவதில்லை. ஆகவே களஞ்சியமும் இனம் பார்த்தலாகாது.

‘பாடச்சுமை போதாதென்று இதுவும் பள்ளிக்கா?’ என்று ஆசிரியர் சிலர் சலித்துக்கொள்ளலாம். சாரணர் முகாமுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகள் இப்போதே இதனைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன, பொருளறியாமல் செய்கின்றன. முகாமில் பொட்டலத்தைப் பிரித்து உண்ணக் கற்பிப்பதோடு நில்லாமல், மூன்று நாள் உணவைக் கணக்கிட ஒரு பாடவேளை, அவசரகாலத்தில் லயத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரைக் கேட்டெழுத ஒரு கட்டுரைப் பயிற்சி, துளையிட்ட டின்னைப் பற்றிப் பேச ஒரு வரலாற்று வேளை எனச் சேர்த்தால் போதும். அக்காலத்தைக் கண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அந்நினைவும் மறையுமாயின், இழப்பு தமிழ்ப் பாடத்துக்கும் உண்டு. வரலாற்றுப் பாடத்துக்கும் உண்டு.

இளைஞர் காட்டில் கூடாரமடிக்கட்டும். சிப்பாயின் பொட்டலத்தைச் சுவைத்தும் பார்க்கட்டும். ஆனால் அக்காட்டின் விளிம்பில், அவர்தம் பாட்டனார் ஒரு கவளத்தைக் கூடக் கொண்டுசெல்ல உரிமையின்றி வேலிவாயிலில் நிறுத்தப்பட்டார் என்பதை அறிந்து சுவைக்கட்டும். அவ்வாறு அறிந்தவன் தன் வீட்டுப் பெட்டியை மட்டும் பூட்டிவைத்து உறங்கமாட்டான். பக்கத்து வீட்டு அடுப்பில் புகை எழுகிறதா என்று பார்ப்பான். நெருக்கடிக்கு ஆயத்தமாதல் அங்கேதான் தொடங்குகிறது.