பெயர்தான் காப்பகம்!

டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி 2025 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. வெறிநாய்க்கடிக்குக் குழந்தைகள் பலியாவதைக் கண்டு பிறந்த உத்தரவு அது. ஆனால் அடைக்க இடம் எங்கே? பத்து நாய்க்கான கொட்டிலில் நாற்பதை அடைத்தால், ஒன்றின் நோய் அனைத்துக்கும் தொற்றும். ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-ந் தேதியோ, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், ரயில் நிலையங்களில் பிடித்தவற்றை அங்கே விடலாகாது என்றது கோர்ட்டு. அவற்றுக்கும் கொட்டில் வேண்டுமே!

சென்னை 'புளூ கிராஸ்' 1964-லேயே கருத்தடைப் பணியைத் தொடங்கியது. குட்டி பெருகுவதைத் தடுக்காதவரை எத்தனை கொட்டில் கட்டினாலும் போதாது. கடிபடும் குழந்தைக்கும் அடைபடும் நாய்க்கும் விமோசனம் அதுவே.