குறைமாதப் பிள்ளைக்கு முதல் சிகிச்சை பிறக்கும் முன்பே

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றில் ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், பெரும்பாலும் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான் கொண்டுபோக வேண்டும். காஞ்சிபுரமே சுமார் 30 கிலோமீட்டர். குறைமாதக் குழந்தை என்றதும் நமக்கு இன்குபேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் மூளையைக் காக்கும் வாய்ப்பு, தாய் ஆம்புலன்ஸில் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. பேறுகால வலிப்பைத் தடுக்கப் பல்லாண்டுகளாகப் பயன்படும் மலிவான மக்னீசியம் சல்பேட்தான் அதற்கான மருந்து. 6,145 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து ஆய்வுகளை 2009இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, பிரசவத்துக்குமுன் தாய்க்கு இது தரப்பட்டால் பிள்ளைக்குப் பெருமூளை வாதம் வரும் ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. 32 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கும் தாய்மார்களுக்கு இதைத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது.

இது ஆபத்தான மருந்து, தாலுகா மருத்துவமனைக்கு ஏற்றதல்ல என்பார்கள். அளவு மீறினால் மூச்சுத் திணறும் என்பது உண்மையே. ஆனால் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் கவனித்தால் ஆபத்து முன்கூட்டியே தெரியும். அளவு மீறினால் முறிமருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் இருக்கிறது. வலிப்பு கண்ட தாய்க்கு இதைத் தரத் தெரிந்த கைகளுக்கு, குறைமாதப் பிரசவத்துக்குத் தருவது புதிய வித்தை அல்ல. வாரக் கணக்கு தவறினால் தேவையற்றவர்களுக்கும் போய்விடுமே என்ற கேள்வி இன்னும் கனமானது. 30 முதல் 34 வாரத் தாய்மார்களிடம் நடந்த மகென்டா ஆய்வு, 2023இல், மரணத்தையோ பெருமூளை வாதத்தையோ இது குறைத்ததாகக் காட்டவில்லை. அதனால் வாரக் கணக்கு துல்லியமாக இருந்தாக வேண்டும். அதற்கு வழி, மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து ஸ்கேன் எடுத்து, பிரசவத் தேதியைத் தாயின் அட்டையில் எழுதிவைப்பதுதான். மருந்தை ஒதுக்கிவைப்பது அதற்கு விடையாகாது.

இந்த மருந்து உயிரிழப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசிக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் இது மாற்றும் அல்ல. பிழைத்த பிள்ளை பெருமூளை வாதமின்றி வளரும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. ஆகவே 32 வாரத்துக்குள் வலி கண்ட தாயை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் தாலுகா மருத்துவர், பயணத்தைத் தாமதிக்காமல் முதல் அளவைக் கொடுத்து, கொடுத்த நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதி அனுப்புவதை மாவட்ட நிர்வாகம் எழுத்துப்பூர்வ நெறிமுறையாக்க வேண்டும். மருந்து விலை ஒரு பொருட்டல்ல. அது தாயைச் சேரும் நேரமே அந்தப் பிள்ளை எப்படி வாழும் என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.