கயிறில்லாத கப்பி

1990 இல் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீடு இன்னமும் என் கனவில் வருகிறது. எப்போதும் அதே கிணற்றடி. கப்பியில் கயிறு இராது. பதறி விழிப்பேன்.

சகோதரிகளே, இப்படித் திரும்பத் திரும்ப வரும் காட்சியை அடையாளமாகக் கொண்டு, கனவுக்குள்ளேயே 'இது கனவு' என உணரப் பழகலாம். வெறுங்கதையல்ல. 1975 இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹேர்ன் என்பவர் இதைப் பதிவு செய்தார். உறக்கத்திலிருந்தவர், முன்னரே பேசிக்கொண்டபடி கண்களை இடம் வலமாக அசைத்துக் காட்டினார். பின்னர் அமெரிக்கரான ஸ்டீபன் லபேர்ஜ் பயிற்சி முறைகளை வகுத்தார்.

விழித்ததும் எழும்பாமல் கனவை நினைவுபடுத்தி, கொப்பியில் எழுதுங்கள். (பிள்ளைகள் விட்டால்தானே!) சில கிழமைகளில் அடிக்கடி வருவது எதுவெனத் தெரியும். படுக்கும்போது, 'அதைக் கண்டால் கனவென்று அறிவேன்' என்று மனதில் பதியுங்கள். கனவுகள் கூடுதலாக வருவது விடியப்புறத் தூக்கத்தில்தான். ஏற்கனவே தூக்கம் குறைந்தவர்களுக்கு இது வேண்டாம் என்பேன்.

போன மாதம் அந்தக் கப்பியைக் கண்டதும் எனக்குப் பிடிபட்டது. பதற்றம் வரவில்லை. உள்ளே போய் உம்மாவின் அறைக் கதவைத் தள்ளினேன். அதற்குள் விழித்துவிட்டேன்.