கமாண்டோ வைத்திருந்தால் போதுமா?

அமெரிக்காவில் ரைஃபிளுக்கு சைட் (குறிபார்க்கும் கருவி) வாங்கக் கிளம்புகிறவனுக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: "ஸ்பெஷல் ஃபோர்ஸ்காரர்களே இதைத்தான் மாட்டியிருக்கிறார்கள்." அதற்கு மேல் பேச்சு கிடையாது. உள்ளே இருப்பது எல்இடியா லேசரா, உறைபனியில் என்ன ஆகும் என்று கேட்டால் விவரம் தெரியாதவன் என்று பெயர். உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் நம்பும் பொருளில் குறை இருக்குமா என்பது கேட்க நியாயமான வாதம்தான். ஆனால் அமெரிக்க அரசே நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தகர்த்துவிட்டது.

நடந்தது 2015 நவம்பரில். ஹோலோகிராஃபிக் சைட் என்றாலே பலர் சொல்லும் பெயர் ஈஓடெக். அப்போது அதன் தாய் நிறுவனம் எல்-3. கடுங்குளிரிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் வேலை செய்யும் என்று சொல்லி ராணுவத்துக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் எஃப்பிஐக்கும் விற்ற சைட்கள், வெப்பநிலை மாறினால் குறி தவறுகின்றன. இது தெரிந்தும் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மறைத்தது என்பது அரசின் குற்றச்சாட்டு. எஃப்பிஐ தானாகவே குறையைக் கண்டுபிடித்து, வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் நிறுவனம் வாய் திறந்ததாம். 2.56 கோடி டாலர் கட்டி வழக்கு முடிந்தது. அத்தனை ஆண்டும் கமாண்டோக்களின் ரைஃபிள்களில் அந்த சைட்கள்தான் இருந்தன. நம் யோசனைக்காரர்களும் அதையே சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குறி ஏன் தவறுகிறது? சாதாரண ரெட் டாட்டில் ஓர் எல்இடியின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைகதிராகக் கண்ணுக்குத் திரும்புகிறது; இலக்கின் மேல் சிவப்புப் புள்ளி மிதப்பது போலத் தெரியும். டப்ளினில் தொலைநோக்கி செய்த ஹோவர்ட் கிரப் 1900-லேயே காப்புரிமை பெற்ற யோசனைதான் இதற்கு மூலம். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் 1975-ல் அதை மின்னணு ரெட் டாட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹோலோகிராஃபிக் சைட்டின் கதை வேறு. வளையமும் புள்ளியும் ஹோலோகிராமாகப் பதிந்த கண்ணாடியின் மீது லேசர் விழ வேண்டும். லேசர் டயோடு சூடானால் அதன் அலைநீளம் மாறும். அலைநீளம் மாறினால் ஹோலோகிராம் ஒளியைத் திருப்பும் கோணமும் மாறும். இதைச் சரிக்கட்ட உள்ளே இன்னொரு அமைப்பு வைக்கிறார்கள். பாகங்கள் இம்மியளவும் நகராதவரை அது வேலை செய்யும். அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமை 2015-ல் விடுத்த எச்சரிக்கையில் இருந்த அளவு, இரு பக்கமும் 4 எம்ஓஏ. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர்.

கமாண்டோவின் கணக்கும் வாங்குபவனின் கணக்கும் பிரிவது இங்கேதான். வீட்டுக்குள் புகுந்து 25 மீட்டரில் சுடுகிறவருக்கு 4 எம்ஓஏ என்றால் 3 சென்டிமீட்டர். அவர் கவலைப்பட மாட்டார். 300 மீட்டரில் அதுவே 35 சென்டிமீட்டர். மேலும் படைவீரரின் சைட் கெட்டால் மாற்று சைட் உண்டு, பழுது பார்க்க ஆயுதப் பணிமனை உண்டு, பேட்டரிக்கு அவர் பணம் தருவதில்லை. லேசர் மின்சாரத்தைக் குடிக்கும். பல ஹோலோகிராஃபிக் சைட்கள் சுமார் 1,000 மணி நேரம்தான் ஓடும். எய்ம்பாயின்ட்டின் காம்ப் எம்4 ஒரே ஏஏ பேட்டரியில் 80,000 மணி நேரம் ஓடும் என்கிறது அந்த நிறுவனம்.

அந்த எய்ம்பாயின்ட்டையும் அமெரிக்க ராணுவம் 1997 முதல் வாங்குகிறதே, அது நன்றாகத்தானே உழைக்கிறது என்பார்கள். உழைக்கிறது. நல்லதையும் வாங்கினார்கள், குறையுள்ளதையும் வாங்கினார்கள் என்றால், அவர்கள் வாங்கினார்கள் என்ற செய்தியை வைத்து எதை முடிவு செய்ய முடியும்? 2018-ல் ஈஓடெக்குக்கே மீண்டும் சிறப்புப் படை ஒப்பந்தம் கிடைத்தது. சைட் திருந்தியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஒப்பந்தச் செய்தியை மட்டும் படிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த மயக்கம் துப்பாக்கிக்காரர்களோடு நிற்கவில்லை. நம் ஊர் மொபைல் கடையில் 'ராணுவத் தரம்' என்று விற்கும் போனுக்கு ஆதாரம் மில்-ஸ்டான்டர்டு-810. அது சோதனை முறைகளின் தொகுப்பு; எந்தச் சோதனையைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம், சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் பின்னால் இல்லை.

சைட் வாங்குகிறவன் செய்ய வேண்டியவை சாதாரண வேலைகள். காலைக் குளிரில் ஜீரோ செய்ததை (குண்டு விழும் இடத்தோடு குறியைப் பொருத்தியதை) மதிய வெயிலில் மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டி, பழைய இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். புள்ளி நட்சத்திரம் போலச் சிதறித் தெரிந்தால் சைட்டைத் திட்டுவதற்கு முன் போன் கேமராவை வைத்துப் பார்க்கட்டும். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் போக வேண்டியது கண் மருத்துவரிடம். 'இடமாறு தோற்றப் பிழையே இல்லை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பவே வேண்டாம். தலை நகர்ந்தால் புள்ளியும் நகரும் அந்தப் பிழை எல்லா சைட்டிலும் கொஞ்சமாவது இருக்கும். எவ்வளவு என்று அறியக் கடையிலேயே முடியும்: சைட்டை அசையாமல் வைத்து, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்தினால் சிவப்புப் புள்ளி ஓடும் தூரம் கண்ணுக்கே தெரியும். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.