மும்மொழியர் யார்?

மூன்று மொழிகளில் சொற்பொருள் தரும் நூலை 'மும்மொழி அகராதி' என்கிறோம். பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவரைப் 'பன்மொழிப் புலவர்' எனப் போற்றுகிறோம், கா. அப்பாத்துரையார் அப்பட்டத்திற்கு முற்றும் உரியவரே. ஆனால், ஓசூர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றிலும் விலை பேசிக் கணக்கு முடிக்கும் காய்கறிக்காரப் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'படிக்காதவள்' என்பதுதானே! இது மொழியின் வறுமையன்று. நம் மனத்தின் வறுமை.

ஆண்டவரின் சிலுவைமேல் பிலாத்து எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மும்மொழிகளில் எழுதுவித்த வாசகத்தை யூதருள் பலர் வாசித்தனர் என்கிறார் யோவான் (19:20). வழிநடப்போர் கண்ணெதிரே நின்ற எழுத்து அது. புலவர் பேழைக்குள் பூட்டப்பட்டதன்று.

ஆதலின், மூன்று மொழிகளில் பேசி வாழ்வோர், எழுத்தறியாராயினும், 'மும்மொழியரே'. ஏட்டுக்குத் தரும் மதிப்பை மனிதர்க்கு மறுப்பது முறையாகுமோ?