பிள்ளைகள் விளையாடட்டும், தடுக்காதீர்கள்



பள்ளி மைதானத்தில் அகதிப் பயண விளையாட்டு நடத்தப்போகிறோம் என்று ஆசிரியர்கள் அறிவித்ததும் பெற்றோர்களான நம்மில் பலர் கொதித்துப்போனோம். 'பச்சைப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சோகம்?', 'இதற்கு மார்க் உண்டா?' என்றெல்லாம் கேள்விகள். சிலர் அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போடப்போவதாகவே சொல்லிவிட்டார்கள். இது நியாயமா?

எதை எதிர்க்கிறோம் என்றாவது தெரிந்துகொள்வோம். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பு இதை விளையாடியபோது ஓரமாக நின்று பார்த்தேன். ஆறு பேர் ஒரு குடும்பம். நகை, பள்ளிச் சான்றிதழ், பாட்டியின் மாத்திரை, பால்மாவு, தண்ணீர், புகைப்பட ஆல்பம் என்று எழுதிய அட்டைகள் தரையில் கிடக்கும். இரண்டு நிமிடத்தில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தரையில் போட்ட கயிற்று வட்டம்தான் படகு. விசில் ஊதும்போதெல்லாம் வட்டம் சுருங்கும். யாரும் வெளியே கால் வைக்காமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது மணல் திட்டு: ஒரே ஒரு பாய், அதில் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். கடைசியில் ஒரு மேசை. புரியாத எழுத்தில் படிவம், புரியாத மொழியில் கேள்வி. நகையை எடுத்துக்கொண்டு சான்றிதழை விட்டுவந்த குடும்பம் அங்கே நின்றுவிட்டது. பாட்டியாக நடித்த சிறுமி, "என் மாத்திரையை ஏன் எடுக்கல?" என்று கேட்டபோது அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளையாட்டு முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். இவ்வளவுதான் நீங்கள் பயப்படும் விஷயம்.

இது எங்கோ நடக்கிற கதையும் அல்ல. இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு அந்தக் கடலைக் கடந்து வந்தவர்களுக்கு மண்டபம் அகதி முகாம் முதல் வாசலாக இருந்தது. படகோட்டிகள் இடையிலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விட, தண்ணீரில்லாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போதும், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அப்படித் திட்டில் நின்றது. கடலோரக் காவல்படை போய் மீட்டது. மண்டபத்தில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த வசதிகூட இல்லை. விளையாட்டில் அந்தப் புரியாத படிவம் அவர்களை நினைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்றும் இலங்கைத் தமிழர்களுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். 'முகாம் பையன்' என்று ஒரு பிள்ளை கேலி செய்தால் அது எங்கே கற்றது? நாம் வீட்டில் பேசுவதிலிருந்துதான்.

மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். செல்போனில் மணிக்கணக்காகச் சுட்டுத் தள்ளும் விளையாட்டை அனுமதிக்கிறோம். அப்போது பிஞ்சு மனம் கெடுமே என்று கவலைப்படவில்லை. சுடப்படுகிற பக்கம் நின்று பார்க்கச் சொன்னால் மட்டும் நமக்கு மனம் பதறுகிறது.

நியாயமான கவலைகள் உண்டு, அவற்றைக் கேளுங்கள். முகாமிலிருந்து வரும் பிள்ளையை நடுவில் நிறுத்தி 'உன் கதையைச் சொல்' என்று கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசி, பிள்ளை விரும்பினால் மட்டும் சேர்க்க வேண்டும். விளையாட்டில் துப்பாக்கிச் சத்தமும் துரத்தலும் வேண்டாம். ஜெயித்த அணி, தோற்ற அணி என்றும் வேண்டாம். பயந்த பிள்ளை எப்போது வேண்டுமானாலும் விலகி உட்காரலாம். கடைசியில் உட்கார்ந்து பேசும் நேரத்தை மட்டும் குறைக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கயிறும் ஓட்டமும்தான் நினைவில் நிற்கும். இதையெல்லாம் ஆசிரியர்களிடம் கேட்பது நம் உரிமை. விளையாட்டையே நிறுத்தச் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

அன்றைக்கு லீவு போடாதீர்கள். பிள்ளையை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வந்து கயிறு பிடியுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் 'ஹோம்வொர்க் என்ன?' என்று கேட்பதற்கு முன்னால், 'எந்த மூன்றை எடுத்தாய், ஏன்?' என்று கேளுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.